யானைக்கால் தூணின் மறுபக்கம்

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்குக் குவிமாடம் கிடையாது. ராமநாதபுரம் கடற்கரையில் அந்தக் காலத்தில் எழும்பிய பள்ளிகள் பலவும் அப்படித்தான். கல் தூண், கல் உத்தரம், மேலே கல் பாவிய தட்டைக் கூரை. தூண்களில் பூவும் கொடியும் செதுக்கியிருக்கும். வெளியூர்க்காரர்கள் வந்தால் கோயில் மண்டபம் மாதிரி இருக்கிறதே என்பார்கள். ஜமாஅத்தில் சிலருக்கு அது குறையாகப் பட்டது. துருக்கியில் இருப்பது போல ஒரு குப்பா, உருண்டைக் குவிமாடம், வேண்டும் என்றார்கள். நான் கட்டட எஞ்சினியர். பழைய தூண்கள் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று என்னைக் கேட்டார்கள். அப்படி ஒன்றை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன்.

துருக்கிக் குப்பாவைப் பார்க்க லண்டனுக்கு ஏன் போக வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். இஸ்தான்புல்லின் சுலைமானியா பள்ளியை எங்கள் ஊரில் கட்ட முடியாது. ஆனால் கிழக்கு லண்டனில் துருக்கிக்காரர்கள் அதைக் கால்வாசி அளவில், கான்கிரீட்டில் நகலெடுத்துக் கட்டியிருந்தார்கள். அந்த அளவு எங்களுக்கு ஒத்துவரும். அங்கே தங்குவதற்கு எனக்கு ஒரு வீடும் இருந்தது.

அது சிவநேசனின் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்து மண்டபம் அகதி முகாமில் இருந்தபோது, என் முதல் கட்டடத்தில் சித்தாளாகச் சேர்ந்தவன். பிறகு லண்டன் போய்விட்டான். இப்போது குட்மேய்ஸில் சொந்த வீடு, சொந்தமாகக் கட்டட வேலை. நான் போவதற்கு ஒரு மாதம் முன்பே அந்தப் பள்ளியின் படங்களை அவனுக்கு அனுப்பி, விசாரித்து வைக்கச் சொல்லியிருந்தேன்.

விமான நிலையத்தில் சிவா என்னைக் கட்டிப்பிடித்தான், பெட்டியை வாங்கிக் காருக்குக் கூட்டிப் போனான். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்ட பிறகுதான் சொன்னான்.

“காதர் அண்ணை, குறை நினையாதேங்கோ. எங்கட அண்ணையை நேற்றுக் காலமையிலிருந்து காணேல்லை.”

அவனுடைய அண்ணன் குணசீலனை நான் பார்த்ததில்லை. போனில் இரண்டு வார்த்தை பேசியதுண்டு. சிவாவுக்கு முன்பே நாட்டை விட்டுக் கிளம்பியவர். லண்டனில் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்த்துப் பார்த்தே வயதானவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுபெற்ற பின் சிவா வீட்டின் பின்னறையில் இருந்தார். போலீசில் சொல்லியாயிற்று என்றான் சிவா. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெளியே மணி நான்குகூட ஆகவில்லை, இருட்டிவிட்டது.

வீட்டில் சிவாவின் மனைவி மாலினி புட்டும் மீன் குழம்பும் எடுத்துவைத்தாள். எங்கள் பக்கம் புட்டு என்றால் சர்க்கரையும் தேங்காயும். இவர்கள் அதைக் குழம்பில் குழைத்து உறைப்பாகச் சாப்பிடுகிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவள் என்னைப் பின்னறைக்குக் கூட்டிப் போனாள். கட்டிலில் போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தது. மேசையில் இரண்டு தட்டுகள், இரண்டு கோப்பைகள், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன.

“ஒரு மாசமா இப்பிடித்தான். ரெண்டு பேருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டு அறைக்குள்ள போவார். ஒரு தட்டு வெறுமையா வரும். மற்றது அப்பிடியே ஆறி வரும்.”

“யாருக்குன்னு கேட்டீங்களா?”

“கேட்டன். ‘அவன் வெளியில குளிருக்கை நிக்கிறான், பிள்ளை’ எண்டார். வேற ஒண்டும் சொல்லேல்லை. கதவுக்கு வெளியில நிண்டா கதைக்கிற சத்தம் கேக்கும். ஒரு கேள்வி கேப்பார். பேந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், மறுமொழிக்குக் காத்திருக்கிற மாதிரி.”

பேசிக்கொண்டே ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். வெளியே தோட்டம் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலை அந்தத் தோட்டத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். புல் முழுக்க உறைபனி. வேலியோரத்தில் ஒரு தட்டில் சோறும் பருப்பும் கண்ணாடி போல் உறைந்து கிடந்தன. பக்கத்தில் ஒரு கரண்டி. தட்டை வீட்டைப் பார்த்து வைக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் எட்டி எடுப்பதற்கு வசதியாக வைத்திருந்தது. அதை எடுக்க மாலினிக்கும் மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

அன்று அப்டன் பார்க் போனோம். குணம் அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் கிரீன் ஸ்ட்ரீட்டில் மரக்கறி வாங்குவாராம். கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று பஸ்ஸில் ஏறினோம். மேல் தட்டில் முன் இருக்கை. பனிமூட்டத்தில் தெருவிளக்குகள் பகலிலேயே எரிந்தன. பாதி வழியில் ஒரு பெண்குரல் ஒலிபெருக்கியில், இந்தப் பேருந்தின் சேருமிடம் மாற்றப்பட்டுள்ளது, அடுத்த அறிவிப்பைக் கவனிக்கவும் என்றது. அடுத்த அறிவிப்பு வரவேயில்லை. ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். கடைசியில் மேல் தட்டில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். தெரியாத ஒரு தெருவில் வண்டி நின்று எஞ்சின் அணைந்தது. கீழே இறங்கிப் பார்த்தால் டிரைவர் இருக்கையில் ஆள் இல்லை. கதவு திறந்திருந்தது.

“வேற டிரைவர் வருவார் எண்டு விட்டிட்டுப் போயிருப்பார்” என்றான் சிவா. அப்படித்தான் இருக்கும். ஆனாலும் கொஞ்சம் வேகமாகவே நடந்தோம்.

கிரீன் ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு மூச்சு வந்தது. தங்க நகைக் கடை, சேலைக் கடை, முருங்கைக்காய், உயிர் நண்டு. மதுரையில் ஒரு தெருவைப் பெயர்த்துக் குளிர்பெட்டியில் வைத்தது போல. ஒரு சிறிய தேநீர்க் கடையில் சிவா அண்ணனின் படத்தைக் காட்டினான். கல்லாவில் இருந்த பெண் உடனே தலையாட்டினாள். அவளும் யாழ்ப்பாணம்தான்.

“முந்தநாள் வந்தவர். ரெண்டு தேத்தண்ணி கேட்டவர். ஒண்டைக் குடிச்சிட்டு மற்றதை வெளியில கொண்டுபோனவர்.”

“வெளியில ஆர் நிண்டது?”

“நான் பார்க்கேல்லை அண்ணை. கடைக்குள்ள சனம். ஆனா கப்பைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தவர். நிரம்பித்தான் இருந்தது. ‘அவன் குடிக்கேல்லை’ எண்டு எனக்கு மன்னிப்புக் கேட்டவர்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “நல்ல மனுசன்” என்றாள்.

எங்களுக்கும் தேநீர் போட்டுத் தந்தாள். இஞ்சி போட்ட, பால் தடித்த தேநீர். நான் பாதியில் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் டூட்டிங். லண்டனுக்கு வந்த புதிதில் அண்ணன் அங்கே ஒரு பலசரக்குக் கடையின் மாடியில்தான் அறை எடுத்திருந்தாராம். பாதாள ரயிலில் முதலில் வடக்கே போகிற வண்டியில் ஏறிவிட்டோம். அரை மணி நேரம் வீண். திரும்பி வருகிற வண்டி சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கறுப்புச் சுவர், அதில் எங்கள் முகங்கள். எதிரே கம்பளி மூடிய ஒரு கிழவர், தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன், கண் திறந்து எங்கள் இருவரையும் பார்த்து, “யாரையாவது தேடுகிறீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாங்கள் தமிழில்கூட அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. சிவா ஆம் என்றான். கிழவர், “இந்தக் குளிரில் சீக்கிரம் தேடுங்கள்” என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

டூட்டிங் ஹை ஸ்ட்ரீட்டில் கொத்து ரொட்டி அடிக்கிற சத்தம் வாசலுக்கே வந்தது. பழைய பலசரக்குக் கடை இப்போது சாப்பாட்டுக் கடையாகியிருந்தது. பரிமாறுகிறவர் முதல் நாள் மத்தியானம் அண்ணனைப் பார்த்திருந்தார்.

“ரெண்டு கொத்துக்குச் சொன்னவர். ஒண்டைச் சாப்பிட்டவர். மற்றதைப் பார்சல் கட்டச் சொன்னவர். பேந்து என்னட்டை ஒரு கேள்வி கேட்டவர். பெரிய டோம் வைச்ச துருக்கியாக்களின்ர பள்ளி ஒண்டு இருக்காம், இஞ்சயிருந்து எந்த பஸ்ஸில போறது எண்டு.”

நான் சிவாவைப் பார்த்தேன்.

“நான் அனுப்புன படத்தை அவருக்குக் காட்டினியா?”

“ஓம். நீங்கள் அனுப்பின அண்டைக்கே காட்டினனான். கனநேரம் போனை வைச்சுப் பார்த்துக்கொண்டு இருந்தவர்.” அவன் விரலை மடக்கி எண்ணவில்லை, ஆனால் எனக்குக் கணக்கு விளங்கிவிட்டது. தட்டு இரண்டாகத் தொடங்கியதும் அன்றைக்குத்தான். கொத்து ரொட்டி வேண்டாம் என்றுவிட்டு வாடகைக் கார் பிடித்தோம். அந்தப் படங்களை நான்தான் அனுப்பினேன்.

பள்ளியை அடைந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. செங்கல் வீடுகளுக்கும் ஒரு கார் பழுதுபார்க்கும் கொட்டகைக்கும் நடுவே, ஈயத் தகடு போர்த்த குவிமாடம். அதன் தோளில் அரைக் குவிமாடங்கள் இரண்டு சாய்ந்து நின்றன. அவற்றின் தோளில் இன்னும் சிறியவை. உச்சியின் பாரம் படிப்படியாகத் தரைக்கு இறங்கும் விதத்தைச் சுவரைப் பார்த்தே படித்துவிடலாம். உஸ்மானியக் கட்டடக் கலையின் பெரிய சாமர்த்தியம் அது. உள்ளே தூண் காடு இல்லாமல், ஊரே ஒரே வானத்தின் கீழ் நிற்கலாம். எங்கள் ஊர்ப் பள்ளியில் இமாமைப் பார்க்கக் கழுத்தை வளைக்க வேண்டும்.

வாசலில் மெஹ்மெத் என்ற பள்ளிக் காவலர் இருந்தார். சைப்ரஸ் துருக்கிக்காரர், வெள்ளை மீசை. நான் சலாம் சொல்லி, படத்தைக் காட்டினேன். பார்த்தார். “இவரைத் தெரியும். சில நாளாக வருகிறார். ஒரு மூலையில் உட்காருவார். தொழுவதில்லை. யாருக்கும் தொந்தரவில்லை. போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். இன்றைக்குப் பார்த்தீர்களா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்.

சிவா ஷூவைக் கழற்றிவிட்டு நடையிலேயே தயங்கி நின்றான். நான் உள்ளே போனேன். அஸர் கூட்டுத் தொழுகை முடிந்து எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். ஆள் யாரும் இல்லை. தலைக்கு மேல் இரும்பு வளையங்களில் விளக்குகள் கை எட்டும் உயரத்தில் தொங்கின. பாதிதான் எரிந்தன. நடுவே ஒரு தீக்கோழி முட்டை. சிலந்தி அண்டாமல் இருக்க அந்தக் காலத்தில் தொங்கவிடுவார்களாம், இங்கும் மறக்கவில்லை. தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபைச் சுற்றி நீல ஓடுகள், நடுநடுவே ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பு மட்டும் புடைத்து, தொட்டால் விரலில் தட்டுகிறது. நான்கு மூலைக்கு நான்கு பெரும் தூண்கள். துருக்கியில் இவற்றுக்கு யானைக்கால் என்றே பெயர். சதுரமாக நிற்கும் அந்த நாலு கால்களின் மேல் உருண்டைக் கூரையை உட்கார வைக்க, மூலைகளில் பந்தின் தோலை வெட்டியது போல வளைந்த முக்கோணங்கள். சுலைமானியாவில் குவிமாடத்துக்குள் வாய் திறந்த பானைகளைப் பதித்திருக்கிறார்கள், குரல் கலங்காமல் இருக்க. அங்கே எண்ணெய் விளக்குகளின் புகையைக் காற்று தானே இழுத்துக்கொண்டு போய் ஓர் அறையில் சேர்க்குமாம். அந்தக் கரியில் மை செய்தார்களாம். புகையையும் குரலையும் எங்கே போகவேண்டும் என்று சொல்லி அனுப்பிய கட்டடம்.

எனக்கு அஸர் பாக்கி இருந்தது. ஒரு தூணோரமாக நின்று தொழுதேன். சுஜூதில் நெற்றி கம்பளத்தில் பட்டபோது, காதுக்குப் பக்கத்தில் ஒருவர் தமிழில் பேசினார்.

“றெஜி, சாப்பாடு ஆறுது.”

வயதான குரல். மூச்சின் சூடு மட்டும்தான் படவில்லை, அவ்வளவு கிட்டே. நான் அசையவில்லை. தொழுகையில் தலையைத் தூக்கக் கூடாது என்பதால் அல்ல. தூக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு குரல் வந்தது. இளைஞன் ஒருவனின் குரல், பல் கிட்டிக்கிற நடுக்கத்தோடு.

“அண்ணை, குளிருக்கை நிக்காதேங்கோ. நீங்கள் போங்கோ. நான் பின்னால வாறன்.”

எப்படித் தொழுது முடித்தேன் என்று தெரியாது. சலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பினேன், யாரும் இல்லை. இடப்பக்கம் திரும்பினேன், யாரும் இல்லை. சிவா தூரத்தில் வாசல் நடையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பயம் ஒரு பக்கம், எஞ்சினியர் புத்தி ஒரு பக்கம். குவிமாடம் சில இடங்களில் மெல்லிய பேச்சை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்படியென்றால் பேசியவர் எனக்கு நேர் குறுக்கே இருக்க வேண்டும். எழுந்து மண்டபத்தைக் குறுக்காக நடந்தேன். எதிர் மூலைத் தூணுக்குப் பின்னால், பெண்கள் மாடத்துக்கு ஏறும் மரப்படியின் கீழ், ஒருவர் தூணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தடித்த கோட்டு, காதை மூடிய தொப்பி. அவருக்கு முன்னால் பிரிக்காத சாப்பாட்டுப் பார்சல்.

“குணம் அண்ணன்தானே?” என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பயப்படவில்லை. முகம் வெளிறி, உதடு வெடித்திருந்தது.

“நீங்கள் எஞ்சினியரோ? படம் அனுப்பினது நீங்கள்தானே?”

சிவா ஓடி வந்தான். அண்ணனின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “பனிக்கட்டி மாதிரி இருக்கு” என்று என்னிடம் சொன்னான். மெஹ்மெத் வந்து மாடத்தின் மேலே ஏறி விளக்கைப் போட்டுப் பார்த்தார். மரச் சல்லடைக்குப் பின்னால் அடுக்கிய தொழுகை விரிப்புகள்தான் இருந்தன. மூன்று இரவும் அண்ணன் அவற்றை மூடிக்கொண்டுதான் படுத்திருக்கிறார். வேறு யாரும் இல்லை. மாடத்துக்கு வேறு வழியும் இல்லை.

அங்கேயே, தரையில் உட்கார்ந்தபடி, மெஹ்மெத் கொண்டுவந்த சூடான துருக்கித் தேநீரைக் குடித்துக்கொண்டு அவர் சொன்னார். சிவாவுக்கே அது முதல் தடவை.

யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பியபோது ஏஜென்ட் அவரையும் மன்னார்ப் பையன் ஒருவனையும் இஸ்தான்புல்லில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காணாமல் போனான். பையன் பெயர் றெஜினோல்ட், றெஜி. நல்ல குளிர்காலம். சுலைமானியாவின் முற்றத்தில், தூண் வரிசைக்குக் கீழே ஒதுங்கினார்கள். பகலில் காவல்காரர் உள்ளே விட்டார்.

“அவனுக்கு விளையாட்டுப் புத்தி. ஒரு தூணில வாயை வைச்சுக் கதைச்சா மற்ற மூலைத் தூணில கேக்குமெண்டு கண்டுபிடிச்சான். அங்க நிண்டு ‘அண்ணை, பசிக்குது’ எண்டுவான். எனக்கு இஞ்ச காதுக்குள்ள கேக்கும். சிரிப்போம். வேற என்ன இருந்தது எங்களுக்கு?”

ஒரு நாள் ஏஜென்டுக்குப் போன் எடுக்க றெஜி வெளியே போனான். திரும்பவில்லை. குணம் அண்ணை காத்திருந்தார். அடுத்த நாளும் காத்திருந்தார். மூன்றாம் நாள் காலை வேறொரு ஆள் வந்து, இப்போது வந்தால் வா, இல்லாவிட்டால் இல்லை என்றான். வேறொருவர் பெயரிலிருந்த பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தான். அவர் போனார்.

“நீ பேந்து தேடேல்லையோ?” என்று சிவா கேட்டான்.

“எப்பிடித் தேடுறது? கேட்டா, செத்துப்போனான் எண்டு சொல்லுவினம். கேக்காட்டி, நிக்கிறான்.” கிளாசைத் தரையில் வைத்தார். “இவர் அனுப்பின படத்தில அந்தத் தூண் அப்பிடியே இருந்தது. அண்டையில இருந்து அவன் குளிருக்கை நிக்கிற மாதிரியே கிடந்தது எனக்கு. இஞ்ச வந்து கதைச்சுப் பார்த்தன். இவ்வளவு நாளும் ஒண்டும் இல்லை. இப்பதான் மறுமொழி வந்தது.”

“என்ன மறுமொழி?” என்றேன்.

“குளிருக்கை நிக்க வேண்டாமாம். போகச் சொல்லிப்போட்டான். பின்னால வாறானாம்.” சிவாவின் தோளைப் பிடித்து எழுந்தார். “வா, வீட்டை போவம்.”

என் காதிலும் விழுந்ததை அவர்களிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று ஒரு இரவு வைத்திருந்து, மருந்து கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்று ஒரே ஒரு தட்டில் சோறு வாங்கிச் சாப்பிட்டார். மாலினி அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

நான் தனியாகப் பள்ளிக்குத் திரும்பிப் போனேன். வந்த வேலை குவிமாடம் பார்ப்பது. உண்மையில் அதற்காகப் போகவில்லை. மெஹ்மெத்தை அந்த மரப்படியின் கீழ் உட்கார வைத்து, தூணைப் பார்த்து மெதுவாக ஏதாவது பேசச் சொன்னேன். நான் தொழுத இடத்தில் நெற்றியைக் கம்பளத்தில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சற்றுத் தள்ளி வைத்தேன். உரக்கப் பேசச் சொன்னேன். மண்டபத்தின் அந்தக் கோடியில் ஒரு மனிதர் பேசுவது, அந்தக் கோடியில் பேசுவதாகவே கேட்டது. இடம் மாற்றி அவரைக் குனியச் சொன்னேன். அவருக்கும் ஒன்றுமில்லை.

“இங்கே அப்படி ஒன்றும் கிடையாது, சகோதரரே” என்றார் மெஹ்மெத், முழங்காலைத் தடவிக்கொண்டு. “தடித்த கம்பளம், குவிமாடத்தின் உள்பக்கம் பூசியிருப்பது சத்தத்தை உறிஞ்சுகிற பூச்சு. முதல் வரிசையில் ஓதுவது கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றுதான் ஒலிபெருக்கியே வைத்தோம்.”

அண்ணாந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. சாதாரண நாளில் நானே முதலில் கவனித்திருக்க வேண்டியது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். எங்கள் ஊர்த் தூண்களின் மேல் குப்பா வைக்க வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். தூண்கள் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் காரணம் அது மட்டுமல்ல.

ஞாயிற்றுக்கிழமை குணம் அண்ணை சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, தன்னைத் தமிழ்ப் பூசை நடக்கிற ஒரு மாதா கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். மன்னார்ச் சனம் வருகிற இடம். “இனிக் கேக்கலாம்” என்றார். சிவா என்னைப் பார்த்தான். மூவரும் போனோம். இரண்டு இந்துக்கள், அவர்களுக்குக் காவலாக வந்த ஒரு முஸ்லிம் என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். பாட்டு நன்றாக இருந்தது.

பூசை முடிந்து பக்கத்து மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும் கொடுத்தார்கள். குணம் அண்ணை ரோல்ஸைத் தொடவில்லை. நடுவில் போய் நின்று, குரலைச் செருமிக்கொண்டு, பேசாலையில் றெஜினோல்ட் என்று ஒரு பொடியன், தகப்பன் வள்ளம் வைத்திருந்தவர், அவனுடைய ஆட்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா என்று கேட்டார். பேச்சுச் சத்தம் அடங்கியது. அவர் கைகள் கோட்டின் ஓரத்தைப் பிடித்திருந்தன.

நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி, பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். பெயர் ஸ்டெல்லா என்றாள்.

“றெஜி மாமாவோ? என்ர அம்மாவின்ர தம்பி. நீங்கள் ஆர்?”

“அவன் எப்ப...” என்று தொடங்கிய குணம் அண்ணையால் முடிக்க முடியவில்லை.

“மாமா பலெர்மோவில இருக்கிறார். இத்தாலியில. அங்க வேற பேர் அவருக்கு, வந்த பாஸ்போர்ட்டில இருந்த பேர்.” அவள் அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தாள். “நீங்கள் துருக்கியில கூட நிண்ட குணம் அண்ணையோ?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லா போனை எடுத்து, அழைத்து, இத்தாலியில் யாரிடமோ பேசி, பிறகு ஒலியைப் பெரிதாக்கி அவர் கையில் வைத்தாள். ஒரு கரகரத்த, இருமல் பிடித்த, வயதான குரல் வந்தது.

“அண்ணை? அண்ணையோ?”

நான் பள்ளியில் கேட்டது இந்தக் குரல் இல்லை. இதே மனிதன்தான், ஆனால் இருபது வயதில்.

சற்று நேரம் இருபக்கமும் அழுகைதான். பிறகு றெஜி பேசினார். போன் எடுக்கப் போன இடத்தில் போலீஸ் பிடித்துவிட்டது. மூன்றாம் நாள், பையை எடுத்துக்கொள்ள விட்டு, இரண்டு போலீஸ்காரர்களே பள்ளிக்குக் கூட்டி வந்தார்கள். அண்ணனை அவர்கள் பார்த்தால் அவரையும் பிடித்துக்கொள்வார்கள் என்று பயம்.

“உங்களக் காணேல்லை. மற்ற மூலையில ஒளிச்சிருப்பியள் எண்டு நினைச்சன். அவங்கள் வாசல்ல நிக்க, நான் கும்பிடுற மாதிரிக் குனிஞ்சு தூணுக்குள்ள சொன்னன் அண்ணை. ‘குளிருக்கை நிக்காதேங்கோ, நீங்கள் போங்கோ, நான் பின்னால வாறன்’ எண்டு. ரெண்டு தரம் சொன்னன். மறுமொழி வரேல்லை. அண்டையில இருந்து எனக்கு அதுதான் யோசனை. நீங்கள் அதைக் கேட்டனியளோ, இல்லையோ எண்டு.”

மண்டபத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரோ தேநீர்க் கோப்பைகளை அடுக்கினார்கள். குணம் அண்ணை போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் கேட்டேன் என்பது அவருக்கு அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

“கேட்டனான், றெஜி” என்றார். “கொஞ்சம் பிந்தித்தான் கேட்டது.”